ஒரு வாய் பன்னுக்கு

குழந்தை இன்னும் எழுந்திருக்கவில்லை. தூங்கட்டும், தூங்கினால் நல்லதுதான் என்று ஒரு மனம். ஏன் இன்னும் எழவில்லை, எழுப்பிப் பாரடா மடையா என்று இன்னொரு மனம். இரண்டுக்கும் நடுவில் பூபதி சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, மெத்தையில் கிடந்த மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏறுகிறது. இறங்குகிறது. ஆதிரைக்கு இரண்டரை வயது. கவுன் மேலே சுருண்டு தொப்புள் தெரிந்தது. அந்தத் தொப்புளுக்கு உள்ளே என்ன நடக்கிறதோ, எந்தச் சனியன் எந்த மூலையில் உட்கார்ந்து பெருகிக்கொண்டிருக்கிறதோ, யார் கண்டது. மேலே மின்விசிறி டக் டக்கென்று ஒரு பக்கமாக இழுத்துச் சுற்றியது. அதைச் சரிசெய்யச் சொல்லிச் சொல்லி மனைவி கோகிலாவுக்கு வாயே வலித்துப் போய்விட்டது. செய்யலாம் தாயே, எல்லாம் செய்யலாம், இது மட்டும் நல்லபடியாக எழுந்து ஒரு சிரிப்பு சிரித்துவிடட்டும். பம்ப்செட் கம்பெனியில் அவனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். அவன் வீடு திரும்பியதும் கோகிலா துணிக்கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள், பகல் முழுக்கப் பிள்ளை அவன் பொறுப்பு. பிள்ளை தூங்கும்போது அவனும் ஒரு தூக்கம் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்றைக்கும் அவளைப் படுக்க வைத்துவிட்டு இப்படிக் கண் சொருகிய நேரத்தில்தான் போன் அடித்தது. நாய் டாக்டர் அருள்மொழி. நல்ல மாதிரியான அம்மா. அதட்டவே தெரியாது. அதனாலேயே அவர் மெதுவாகப் பேசப் பேச இவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"பூபதிங்களா? உங்க பன்னுவோட ரிசல்ட் வந்துருச்சுங்க. புழு இல்ல. கேம்பைலோபேக்டர்னு ஒரு பாக்டீரியா, குட்டி நாய்ங்களுக்குக் குடல்ல வர்றதுதான். மருந்து அனுப்பறேன், குடுங்க, சரியாயிரும். ஆனா ஒண்ணுங்க, இது மனுசங்களுக்கும் தொத்தும். வீட்ல சின்னக் கொழந்தை இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க."

"அப்ப கொஞ்ச நாளைக்குத் தள்ளியே வைங்க. நாயத் தொட்டா, அது வெளிய போனத அள்ளுனா, சோப்புப் போட்டு நல்லாக் கை கழுவிருங்க. ரொம்பப் பயந்துக்காதீங்க, எல்லாத்துக்கும் வந்துராது. வீட்ல யாருக்காவது வயித்துப்போக்கு, வயித்துவலி, காய்ச்சல்னு ஏதாவது இருக்குதுங்களா?"

"இல்லீங்க டாக்டர்," என்றான் பட்டென்று, குழந்தையைப் பார்த்துக்கொண்டே.

"வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்ல நாய்க்கு இப்படின்னு மறக்காமச் சொல்லிருங்க. அப்பத்தான் அவங்களுக்குப் புரியும்."

அவ்வளவுதான் போன். வைத்த கையோடு எழுந்து போய்ப் பன்னுவைப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டுக் கை கழுவினான். கழுவி முடித்ததும், கதவைத் தொட்ட கையால்தானே குழாயைத் திறந்தோம் என்று குழாயைக் கழுவினான். குழாயைக் கழுவிய கையைத் திரும்பக் கழுவினான். ஐப்பசி மாதத்துச் சிறுவாணித் தண்ணீர், கேட்கவா வேண்டும், விரலெல்லாம் விறைத்துப் போனது. அந்தக் கையோடு வந்து குழந்தையின் நெற்றியில் வைத்தான். ஐயோ, சுடுகிறது. கழுத்தில் வைத்தான், சுடுகிறது. காய்ச்சல்தான், வந்துவிட்டது, முடிந்தது கதை. அப்புறம் ஏதோ தோன்றித் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். அதுவும் சுட்டது. தொடையைத் தொட்டான், அதுவும். அட கிறுக்கா, உன் கை அல்லவா ஐஸாக இருக்கிறது. சரி, கையைச் சூடு பண்ணிக்கொண்டு வருவோம் என்று அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். அக்குளில் வைத்த கையால் பிள்ளையைத் தொடலாமா? மறுபடியும் போய்க் கழுவினான். மறுபடியும் ஐஸ். தெர்மாமீட்டர் இருக்கிறது, இல்லாமல் இல்லை, சமையலறை அலமாரியில் மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பன்னு சோர்ந்து விழுந்த அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு போய் எங்கே வைத்தான் என்று அவனுக்கல்லவா தெரியும். நாய்க்கு அங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும் என்று போனில் ஒருத்தன் சொன்னான். வைத்தான். கழுவி, துடைத்து, பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தான், மகா புத்திசாலி. இனிமேல் அதைச் சாகிறவரைக்கும் பிள்ளை வாயில் வைக்க முடியாது. கடைக்கு ஓடிப் புதிதாக ஒன்று வாங்கலாம். தூங்குகிற பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எப்படி ஓடுவது? தூக்கிக்கொண்டு போனால் எழுந்துவிடும். எழுந்தால்தான் என்ன, எழவில்லையே என்றுதானே இத்தனை பாடு. ஆனால் எழுந்து, எழுந்த கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால்? அதை நினைத்ததும் அவன் மெத்தை ஓரத்திலேயே பழையபடி உட்கார்ந்துகொண்டான்.

பால்கனிக் கதவைப் பன்னு நகத்தால் பிராண்டியது. சும்மா இருடா, என்றான் பூபதி, வாய்க்குள்ளேயே. திட்டக்கூட மனசு வரவில்லை. அது என்ன செய்யும் பாவம். சிங்காநல்லூர் பேக்கரி வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்ற சுண்டெலி அளவுக் குட்டி, ஒரு பன்னை வாங்கிப் போட்டால் தன் தலையைவிடப் பெரிய அந்தப் பன்னைக் கடைசித் துணுக்குவரை தின்றுவிட்டு அவன் செருப்பின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அதுதான் பெயரும் ஆயிற்று. ஷிப்ட் முடிந்து வந்தவன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துக் கோகிலா முதலில் குதித்தாள், "இருக்கற ஒண்ண ஊட்டி வளக்கவே முடியல, இதுல இது வேறயா" என்றாள். இருக்கிற ஒன்று. ஆமாம், அந்த ஒன்றை ஊட்டுவது என்றால் அது ஊட்டல் இல்லை, யுத்தம். ஆதிரை வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் முழுங்க மாட்டாள். ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒரு முழு சினிமாவையே பார்த்து முடிப்பாள். காக்காய் காட்டியாயிற்று, அணில் காட்டியாயிற்று, மாடியில் தூக்கிக்கொண்டு போய் ஏரோப்ளேன் காட்டியாயிற்று. வயதுக்கு ஏற்ற எடை இல்லை என்று குழந்தை டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார், என்ன குடுக்கறீங்க, எப்படிக் குடுக்கறீங்க என்று கேட்கும்போது கோகிலா குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவளாகத் தலையைக் குனிந்துகொள்வாள். அப்படிப்பட்ட பிள்ளை, பன்னு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இவன் சும்மா விளையாட்டுக்குத் தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து நாய்க்கு நீட்டி "ஒரு வாய் பன்னுக்கு" என்று சொல்ல, அது லபக்கென்று கவ்வ, ஆதிரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயை ஆ என்று திறந்தாள். தானாகத் திறந்தாள்! "ஒரு வாய் ஆதிரைக்கு" என்று வைத்தான். முழுங்கினாள். அன்றைக்கு அந்தத் தட்டு காலியானபோது கோகிலா சமையலறைக்குப் போய் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். அப்புறம் எடை ஏறியது, கன்னம் பூசினாற்போல் ஆயிற்று, பாவாடை இடுப்பு இறுகியது. பார்க்கிறவர்களெல்லாம் என்ன குடுக்கறீங்க என்று கேட்டார்கள், இந்தத் தடவை கோகிலா தலையை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னாள். நாய்தான் இந்த வீட்டுக்குச் சோறு போட்டது என்று பூபதி நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். எந்த வாயால் சொன்னானோ.

போனை எடுத்தான். அந்த வீடியோ இருக்கிறதே, கோகிலா எடுத்து எல்லோருக்கும் அனுப்பியது. ஓட்டினான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் தட்டு, பருப்பும் நெய்யும் போட்டுக் குழையப் பிசைந்த சோறு. இந்தப் பக்கம் பன்னு, அந்தப் பக்கம் ஆதிரை. ஒரு வாய் பன்னுக்கு, என்று கை நீள்கிறது. நிறுத்தினான். விரலால் படத்தைப் பெரிதாக்கினான். பன்னுவின் நாக்கு. அவன் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் மினுக்கென்று ஒரு ஈரம். அது நெய்யா, எச்சிலா? நெய்யாகத்தான் இருக்கும். நெய் இப்படியா மினுங்கும்? ஓட்டினான். அந்தக் கையை என்ன செய்கிறான், தட்டுக்குக் கொண்டுவருகிறான், இல்லை, நடுவில் லுங்கியில் ஒரு துடைப்பு துடைக்கிறான். துடைத்திருக்கிறேன்! ஒரு கணம் நிம்மதி. லுங்கியில் துடைத்தால் பாக்டீரியா போய்விடுமா? லுங்கி என்ன ஆஸ்பத்திரிப் பஞ்சா? ஒரு வாய் ஆதிரைக்கு. அதே கை. அதே விரல். ஆதிரை வாயைத் திறக்கிறாள், சின்னச் சின்னப் பல், விரலைக் கடித்தே வாங்கிக்கொள்கிறாள். பின்னால் கோகிலாவின் குரல் மட்டும் சிரித்துக்கொண்டே, "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்கிறது. அவள் அண்ணன் ஈரோட்டிலிருந்து போன் போட்டு, மாப்ள நீங்க ஒரு பள்ளிக்கூடமே ஆரம்பிக்கலாம் என்றார். மேல்வீட்டுச் சுலோச்சனாக்கா படியில் நின்று பார்த்துவிட்டு, அடேயப்பா, எம் பேரனுக்கும் ஒரு நாயி வாங்கோணும் என்றாள். ஒருத்தர், ஒரே ஒருத்தர், இத்தனை பேரில் ஒருத்தராவது, ஏனப்பா கையை மாத்திக்கக் கூடாதா, கிண்ணத்துல போடக் கூடாதா என்று கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான், அது வேறு விஷயம். இன்றைக்குக் காலையில்கூட, பன்னு துவண்டு கிடந்தபோதும், இட்லியை நெய்யும் சர்க்கரையும் தொட்டு அதன் மூக்குக்கு நேராக நீட்டினான். அது தின்னவில்லை. சும்மா விரலை ஒரு நக்கு நக்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அது போதும் ஆதிரைக்கு, வாயைத் திறந்துவிட்டாள். ஒன்றரை இட்லி தின்றாள். மிச்சம் அரை இட்லியை, பிள்ளை தட்டில் மீந்ததைக் கொட்ட மனசு வராமல், என்றைக்கும் போல இவன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

படத்தை அணைத்துவிட்டு அந்தப் பெயரைப் போட்டுத் தேடினான். தேடியிருக்கக் கூடாது. குட்டிக் குட்டியாக, திருகாணித் திருகாணியாக நெளிந்துகொண்டு ஒரு படம். சரியாக வேகாத கோழிக்கறியில் இருக்கும் என்றது. வேகாத கோழிக்கறி. கழுத்தும் ஈரலும் வாங்கிவந்து, சும்மா கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் போட்டது யாருங்க? ஐயாதான். பச்சையாகத் தின்றால்தான் நாய்க்குப் பல் உறுதிப்படும் என்று எவனோ சொன்னானாம், இவர் கேட்டாராம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும் என்றது ஒரு இடம். ஆஹா என்று மூச்சு விட்டான். சின்னக் குழந்தைகளுக்கு நீர்ச்சத்து போய் மோசமாகலாம் என்றது அடுத்த வரி. எப்போதோ ஒருத்தருக்கு, எல்லாம் சரியான பிறகு, கால் மரத்து நடக்க முடியாமல் போய்விடும் என்றது இன்னொரு இடம். எழுந்திருக்கப் பார்த்தான், வலது கால் மரத்துக் கிடந்தது, அம்மா என்று கத்தியே விட்டான். சம்மணம் போட்டு இத்தனை நேரம் உட்கார்ந்தால் மரக்காமல் என்ன செய்யும் என்று காலை உதறிக்கொண்டு தன்னைத்தானே வைதான். குழந்தை கத்தலுக்கு லேசாக அசைந்து, உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு, திரும்பிப் படுத்தது. உதடு காய்ந்திருக்கிறதோ? அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு பிடி பிடித்தது, பூபதிக்கு. கழிப்பறைக்குப் போனான். இது இன்றைக்கு இரண்டாவது தடவையோ மூன்றாவதோ, கவனமில்லை. கவனித்து என்ன ஆகப்போகிறது, இது அவனுடைய பழைய கூத்து. பத்தாவது பரீட்சையின்போது வாத்தியாரிடம் விரலைக் காட்டிவிட்டு ஓடினவன், இன்றைக்குவரைக்கும் பயம் என்று வந்தால் முதலில் தெரிவது வயிற்றுக்குத்தான். ஆதிரை பிறந்த செய்தியை நர்ஸ் வந்து சொன்னபோதும் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்கு உள்ளேதான் இருந்தான், மாமனார் கதவைத் தட்டித்தான் சொன்னார், பொண்ணுங்க மாப்ளே என்று. வெளியே வந்து கையைக் கழுவினான், விரல், விரலிடுக்கு, நகக்கண், முழங்கைவரைக்கும். கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தான். கோகிலா.

"ஏனுங்க, சாப்புட்டாளா?"

"தூங்கறா இன்னும்."

"இன்னுமா? மத்தியானம் ஒண்ணுமே திங்கலயா?"

சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. "கோகி, நாய் டாக்டரம்மா கூப்புட்டாங்க. பன்னுக்குக் குடல்ல ஏதோ கிருமியாம். நமக்கும் தொத்துமாம்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ பட்டுப் புடவைக்கு மேட்ச் ரவிக்கைத் துணி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பாவுக்கு?" என்றாள் கோகிலா. குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல. தூங்கறா. அவ்வளவுதான்."

"காய்ச்சல் இருக்குதா பாருங்க. தெர்மாமீட்டர் அலமாரில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "அதத்தான் நாயிக்கு வெச்சுட்டீங்களே."

"ம்."

"நல்ல ஆளுங்க நீங்க. வயிறு போச்சுதா அவளுக்கு?"

"காலைல நல்லாத்தான் போனா. நீ பயப்படாத."

"நான் பயப்படல. நீங்க பயந்து சாகாதீங்க. குரலே சரியில்ல. சாப்புட்டீங்களா?"

"எங்க சாப்புடறது. வயிறு ஒரு மாதிரியா இருக்குது. போயிட்டுப் போயிட்டு வர்றேன்."

"உங்களுக்கு எப்பத்தான் நல்லா இருந்துச்சு. பொண்ணுப் பாக்க வந்த அன்னைக்கே பாத்ரூம் எங்கன்னுதான மொதல்ல கேட்டீங்க," என்றாள் கோகிலா. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது. "பர்மிஷன் கேட்டுட்டு வந்தர்றேன். அதுக்குள்ள எழுந்தா ஏதாவது குடுங்க. அந்த நாயிகிட்ட உடாதீங்க, சாமி கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

போனை வைத்துவிட்டு அவன் வந்து நின்றான். மழை தூற ஆரம்பித்திருந்தது. பால்கனியில் பன்னு நனையுமே என்று ஒரு நினைப்பு, நனைந்தால் நனையட்டும் என்று அந்த நினைப்பின் தலையில் ஒரு தட்டு. அவள் வருவதற்குள் ஆதிரைக்குக் காய்ச்சல் அடித்தால்? ஆட்டோ பிடிக்க வேண்டும். மழையில் ஆட்டோ வராது. பெரிய ஆஸ்பத்திரியில் சின்னக் கையைப் பிடித்து ஊசி ஏற்ற நரம்பு தேடுவார்கள், போன வருசம் சளிக் காய்ச்சலில் தேடினார்களே, மூன்று இடத்தில் குத்தி, கடைசியில் காலில், அவள் அப்பா அப்பா என்று இவனைத்தான் பார்த்துக் கத்தினாள், குத்துகிறவர்களை அல்ல. அந்தப் பார்வையை அவன் மறக்கவே இல்லை. என்ன குடுத்தீங்க என்று கேட்பார்கள். எப்படிக் குடுத்தீங்க என்று கேட்பார்கள். ஒரு வாய் நாய்க்குங்க டாக்டர், ஒரு வாய் பிள்ளைக்கு, என்று சொல்ல வேண்டும். இவ்வளவு நாளாகத் தட்டுக் காலியாக ஆகப் பூரித்துப் போனோமே, ஊட்டினோமா, இல்லை, வேறு எதையோ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தோமா? கன்னத்தை வைத்துப் பார்க்கலாம் என்று குனிந்தான். விடிகாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் பன்னு தாவி நக்கியது எந்தக் கன்னத்தை? இதையா, அதையா? நிமிர்ந்துவிட்டான். அப்போதுதான் கோகிலா பிள்ளையைக் குளிப்பாட்டும்போது வெந்நீரில் முழங்கை மடிப்பை விட்டுப் பார்ப்பது ஞாபகம் வந்தது. அதை நாய் தொட்டிருக்காது. சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, மெத்தையில் ஒருக்களித்துச் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையின் உள்மடிப்பைக் கொண்டுபோய் மகளின் நெற்றியில் வைத்தான். எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தான். சுடவில்லை. கொஞ்சம்கூடச் சுடவில்லை. சாதாரணப் பிள்ளை நெற்றி, வேர்வையில் லேசாகப் பிசுபிசுத்து, தேங்காய் எண்ணெய் வாசத்தோடு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. அழுதான், சத்தம் போடாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ஆனாலும் காய்ச்சல் பிறகு வரலாம் என்று போட்டிருந்ததே, சில நாள் கழித்துக்கூட. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு இல்லை, இப்போதைக்கு இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும்போது மறுபடியும் அடிவயிறு முறுக்கியது. இந்தத் தடவை அவசரம். ஓடினான்.

உள்ளே உட்கார்ந்துகொண்டு காதை மட்டும் வெளியே வைத்திருந்தான். மழைச் சத்தம். மேல்வீட்டு மிக்ஸி. அது நின்றதும், மெத்தைப் பக்கத்திலிருந்து, தூக்கம் கலையாத குரல்.

"அப்பா."

"இதோ வந்துட்டேன் சாமி! இங்கதான் இருக்கறேன்!"

"அப்பா... பசிக்குது."

அவனுக்குக் காதை நம்ப முடியவில்லை. பசிக்குது. பிறந்து இரண்டரை வருசத்தில் இந்தப் பிள்ளை வாயிலிருந்து இந்தச் சொல் வந்ததே இல்லை. உடம்பு சரியில்லாத பிள்ளை பசிக்குது என்று கேட்குமா? கேட்காது! வயிற்றில் கிருமி இருந்தால் சோறு கேட்குமா? கேட்காது, கேட்கவே கேட்காது! தண்ணீரை ஊற்றினான், எழுந்தான், லுங்கியை இழுத்துக் கட்டினான், தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு ஓடிவந்தான். மெத்தையில் உட்கார்ந்திருந்தாள் மகாராணி, முடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து. இவனைப் பார்த்துச் சிரித்தாள். இரு தங்கம், இரு கண்ணு, ஒரே நிமிசம் என்று சமையலறைக்குப் பறந்தான். சோறு இருக்கிறது, பருப்பு சூடாக இருக்கிறது, நெய், நெய் எங்கே, இந்தா இருக்கிறது. தட்டில் போட்டுப் பிசைந்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு, தனியாக நின்று சிரித்துக்கொண்டே பிசைந்தான்.

முதலில் ஸ்பூனில்தான் நீட்டினான், முன்ஜாக்கிரதையாக. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஸ்பூனை அவள் என்றைக்கு மதித்தாள். சரி, கையிலேயே வாங்கிக்கொள் என்று தன் கையைப் பார்த்தான். மத்தியானம் முழுக்கக் கழுவிக் கழுவி ஊறி, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போன கை. இதைவிடச் சுத்தமான கை இந்தக் கோயமுத்தூரிலேயே இருக்காது. ஒரு உருண்டை உருட்டி நீட்டினான்.

"பன்னு?" என்றாள் ஆதிரை, பால்கனிக் கதவைப் பார்த்து.

"பன்னு தூங்குது சாமி."

கதவுக்கு அந்தப் பக்கம் பன்னு வள்ளென்று ஒரு குரல் கொடுத்தது, காட்டிக்கொடுக்கவென்றே. "பன்னுக்கு மொதல்ல," என்றாள் அவள். உதடு பிதுங்க ஆரம்பித்தது.

பூபதி ஒரு கணம் யோசித்தான். அப்புறம் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, முட்டி போட்டு, இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, நாக்கை வெளியே தொங்கவிட்டு, "லொள்" என்றான். ஆதிரை திகைத்தாள். "லொள் லொள். நான்தான் பன்னு." அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டுமே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெத்தையில் சாய்ந்து சிரித்தாள். ஒரு வாய் பன்னுக்கு, என்று சொல்லித் தன் வாயில் ஒரு உருண்டையைப் போட்டுக்கொண்டான். ஒரு வாய் ஆதிரைக்கு. வாங்கிக்கொண்டாள். முழுங்கினாள். கன்னத்தில் அடக்கவில்லை, ஒன்றுமில்லை, ஆ என்று அடுத்ததற்குத் திறந்தாள். ஒரு வாய் பன்னுக்கு. ஒரு வாய் ஆதிரைக்கு. கோகிலா வந்து பார்க்கட்டும், அவளும் எடுக்கட்டும் ஒரு வீடியோ, புருசன் நாயாகிவிட்டான் என்று ஊருக்கெல்லாம் அனுப்பட்டும். நாயே வேண்டியதில்லை, நான் போதும், இத்தனை நாள் இது தோன்றவில்லையே மண்டைக்கு. தட்டில் பாதி காலி. மனசு பஞ்சாக இருந்தது. பயம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, மத்தியானம் முழுக்க நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அந்தக் கல் இப்போது துளிகூட இல்லை.

அப்போது அடிவயிறு முறுக்கியது. நன்றாக, ஆழமாக, உள்ளே யாரோ கையை விட்டுப் பிழிகிறாற்போல. பூபதி உருண்டையைக் கையில் பிடித்தபடியே இருந்துவிட்டான். பயம் போய்விட்டதே. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சிரிக்கிறாள், தின்கிறாள், நான் பயப்படவே இல்லை. பின்னே ஏன்? இது எதற்கு? பரீட்சையும் இல்லை, பொண்ணுப் பார்ப்பதும் இல்லை. பின்னே நேற்று ராத்திரி ஷிப்டில் இரண்டு தடவை போனது எதற்கு? டாக்டரம்மா கூப்பிடுவதற்கு முன்னால், எந்தப் பயமும் இல்லாத நேரத்தில்? இத்தனை நேரம் அது நினைவிலேயே இல்லை, இப்போது பளிச்சென்று வந்து நின்றது. வீட்ல யாருக்காவது வயித்துப்போக்கு, வயித்துவலி இருக்குதுங்களா? இல்லீங்க டாக்டர். பன்னு வெளியே போனதை நாள் தவறாமல் அள்ளினது யார்? பன்னு நக்கின கையால் மிச்ச இட்லியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது யார்? பிள்ளையை எண்ணினேன், கோகிலாவை எண்ணினேன், என்னை எண்ணவே இல்லையே. சரி, சரி, பரவாயில்லை, எனக்கு வந்தால் வரட்டும், கை கழுவியிருக்கிறேன், மத்தியானம் முழுக்கக் கழுவினதே கழுவினது. கடைசியாக எப்போது கழுவினேன்? கோகிலா போன் பண்ணினபோது. அது அதற்கு முந்தின தடவை. இப்போது, இவள் பசிக்குது என்றபோது? தண்ணீர் ஊற்றினேன். லுங்கியைக் கட்டினேன். தாழ்ப்பாள். ஓடிவந்தேன். அப்புறம் குழாயடிக்குப் போனேனா? போயிருப்பேன். போகாமல் எப்படி? நெய்யை எடுத்தது ஞாபகம் இருக்கிறது, தட்டை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. கால் கழுவியது இடது கைதானே, சோறு பிசைந்தது வலது கை. சரி, லுங்கி கட்டியது எந்தக் கை? தாழ்ப்பாளைத் தொட்டது எந்தக் கை? மெதுவாக, மிகமெதுவாக, உருண்டை பிடித்திருந்த கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். மத்தியானம் முழுக்க அந்தக் கை சோப்பு வாசம் அடித்துக்கொண்டே இருந்தது, மூச்சு முட்டுகிற அளவுக்கு அடித்தது. இழுத்து மோந்து பார்த்தான். பருப்பு. நெய். திரும்பவும் மோந்தான். பருப்பும் நெய்யும்தான்.

கையை அவன் பின்னால் இழுப்பதற்குள் ஆதிரை எக்கி வந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பன்னு செய்வதைப் பார்த்துப் பழகியவள் ஆயிற்றே, உருண்டையை வாயாலேயே லபக்கென்று கவ்வினாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்த பருக்கையையும் விடாமல் நக்கித் தின்றாள். அப்புறம் நிமிர்ந்து அவனைப் பார்த்து, வாயெல்லாம் சோறாகச் சிரித்து, "இன்னொண்ணு" என்றாள்.